இருபத்து நாலு பித்தளைக் கூடுகள்

பித்தளையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கடைத்தெருவில் பெண்கள் குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்குவது கண்ணில் பட்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன். காரணம் தெரியாதவர்கள் எனக்கு மண்டைக்கனம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மண்டைக்கனம் இருந்தது உண்மைதான். அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை இதுவரை முழுதாக யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது உலகச் சண்டைக் காலம். கூடலூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு மானாவாரிக் காடு இருந்தது. பாதி என் பேரில், பாதி அண்ணன் பேரில். அண்ணன் பிழைப்புக்காகத் தேனிக்குப் போய் அங்கேயே வீடு பிடித்துவிட்டதால் உழுவதும் விதைப்பதும் நான்தான். கல் பொறுக்கிப் பொறுக்கியே என் இளவயது அந்தக் காட்டில் கழிந்தது. பொறுக்கிய கல்லையெல்லாம் வரப்பாக அடுக்கியிருந்தேன். அந்த வரப்பைத் தாண்டித்தான் காட்டுப் பன்றிகள் வந்து நிலக்கடலையைக் கிண்டித் தின்றன. ஒரு வருடம் இல்லை, தொடர்ந்து இரண்டு வருடம். இரண்டாவது முறை வெறும் கொடியை மட்டும் வாரிக்கொண்டு வந்து மாட்டுக்குப் போட்டேன்.

அந்தப் பொங்கலுக்கு அண்ணன் வந்தார். காட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வரப்பில் நின்றபடியே சொன்னார்.

"ஏலே, ரெண்டு வருசமாப் பன்னிக்குத்தான் நீ வெள்ளாமை பாக்குறே. இந்த வருசமும் காடு இப்பிடிக் கிடந்துச்சுன்னா நான் யாரையும் கேக்க மாட்டேன். வித்துருவேன். அப்பறம் அண்ணன் இப்பிடிப் பண்ணிட்டாகன்னு ஊர்ல சொல்லிட்டுத் திரியாத."

"இந்த வருசம் ஒரு பன்னி உள்ள வராது" என்றேன்.

அப்படிச் சொல்ல எனக்கு ஒரு தைரியம் இருந்தது. என்னிடம் ஒரு ரைபிள் இருந்தது. மேலே மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பல வருடங்கள் அரிசியும் காய்கறியும் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கிளம்பும்போது தன் பழைய ரைபிளை முறைப்படி என் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அடியிலுள்ள லீவரைக் கீழே இழுத்தால் வாய் திறக்கும், ஒரு தடவைக்கு ஒரு தோட்டா. கருமருந்துக் காலத்துத் துப்பாக்கி. அதற்குத் தோட்டா வருவது சண்டையோடு நின்றுபோயிற்று. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை எடுத்துவைத்து, அடியில் பொறி விடுகிற புதுக் கேப்பு மாட்டி, மருந்தும் ஈயக் குண்டும் அடைத்துத்தான் திரும்பச் சுட வேண்டும். மருந்துக்கும் கேப்புக்கும் லைசென்ஸில் அளவு உண்டு. எனக்குக் கிடைத்த கேப்பு கையில் எண்ணிவிடுகிற அளவுதான். சும்மா ஒன்றைச் சுட்டுப் பார்ப்போம் என்றெல்லாம் வீணாக்க முடியாது. எல்லாம் பித்தளைக் கூட்டின் தலையில்தான் இருந்தது.

துரை விட்டுவிட்டுப் போன கூடுகள் முந்தின வருடமே வாயருகே கழுத்தில் பிளந்து என் காலை வாரிவிட்டிருந்தன. பழைய பித்தளை, சீமையிலிருந்து வந்து எத்தனை வருடமோ என்று அவற்றைத் தூக்கிப் போட்டேன். தப்பு பித்தளை மேல்தான் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை; நல்ல கூடு கிடைத்தால் போதும் என்றிருந்தேன்.

வைகாசியில் கம்பத்துக்குப் போனேன். அங்கே பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவர் பழைய பித்தளையும் எடுப்பார். தோட்டங்களிலிருந்து சுட்டுத் தீர்ந்த கூடுகள் சாக்குச் சாக்காக அவரிடம்தான் வந்து சேரும். அப்பா காலத்திலிருந்து அவர் எங்களுக்கு மாமா, நாங்கள் அவருக்கு மாப்பிள்ளை. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு ஒரு சாக்கை அவிழ்த்துக் கடைக்குள் கொட்டினார். "எடுத்துக்க மாப்ள. உனக்கு எது ஆகும்னு எனக்குத் தெரியாது. பித்தளை நல்ல பித்தளையான்னு கேளு, சொல்றேன்" என்றார்.

அன்றைக்கு நான் உட்கார்ந்து பொறுக்கியதைப் போல இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் பித்தளை பொறுக்கியிருக்க மாட்டார்கள். முதலில் என் துப்பாக்கிக்குச் சேருகிற அளவை மட்டும் பிரித்தேன். அதில் மெல்லிய தகட்டைச் சுருட்டிச் செய்த கூடுகளை ஒதுக்கினேன்; அவை ஒரு வெடிக்கு மேல் தாங்காது. அடி உப்பியிருந்தவை வேண்டாம். கேப்பு உட்காரும் குழி தளர்ந்தவை வேண்டாம். ஒரு கம்பியின் நுனியை வளைத்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விட்டு, அடிக்குச் சற்று மேலே உட்சுவரைத் தடவிப் பார்த்தேன். அங்கே கம்பி பள்ளத்தில் தட்டினால் கூடு அடுத்த வெடியில் இரண்டாகப் போய்விடும். அது துரையிடம் பார்த்துக் கற்றது. கழுத்தைச் சுற்றி நகத்தை ஓட்டினேன். கடைசியாகக் கல்லில் தட்டிக் காது கொடுத்துக் கேட்டேன். நல்ல கூடு கணீரென்று சொல்லும். விரிசல் உள்ளது தொண்டை கட்டியவன் பேசுவது மாதிரி இருக்கும்.

ராவுத்தர் சாயங்கால அஸர் தொழுகைக்குப் போனார். திரும்பி வந்தபோதும் நான் தட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

"பொண்ணு பாக்கப் போனப்பக்கூட இம்புட்டு நேரம் பாத்திருக்க மாட்டே" என்று சிரித்தார்.

"பொண்ணு வெடிக்காதுல்ல மாமா" என்றேன். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

முப்பது தேறியது. அவர் அதிலிருந்து கைக்கு வந்தபடி ஆறை எடுத்து ஒரு காகிதத்தில் சுருட்டி அலமாரியில் வைத்தார். எனக்குச் சுருக்கென்றது.

"என்ன மாமா அது?"

"மாதிரி. எந்தச் சரக்குப் போனாலும் அதுல கொஞ்சம் இங்கன இருக்கும். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஒத்துப் பாக்கணும்ல? உன்னோடதுதான், எங்கயும் போயிராது."

அது அவர் கடை வழக்கம். எல்லாச் சரக்குக்கும் அப்படித்தான் செய்வார். ஆனாலும் நாள் முழுக்க உட்கார்ந்து பொறுக்கியவனுக்கு ஆறு குறைந்தது ஆத்திரமாக இருந்தது. என்னை நம்பாமல் எடுத்து வைக்கிறார் என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்து அவர் கேட்டார்.

"கொண்டுபோயி எங்கன வைக்கப் போறே?"

உத்தமபாளையம் தாலுகா ஆபீஸில் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது குமாஸ்தா ஒருவர், தோட்டாச் சாமான் எங்கே இருக்கிறது என்று எவனிடமும் மூச்சுவிடாதே என்று சொல்லியிருந்தார். அது மனதில் இருந்தது. ஆறு கூட்டுக் கோபமும் இருந்தது. "வீட்டுலதான், சாமி அலமாரில" என்றேன்.

"அப்பச் சரி" என்றார்.

வைத்தது தொழுவத்தில். எங்கள் பக்கத்தில் பத்திரமான இடம் என்றால் தொழுவத்துப் பரண்தான். விதைக் கலயம், கலப்பைக் கொழு, வடக்கயிறு எல்லாம் அங்கேதான் இருக்கும். வீட்டுக்குள் அடுப்பும் விளக்கும் எரிகிற இடத்தில் மருந்து வைக்க என் மனைவி சம்மதிக்கவில்லை. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மாடு கட்டுகிற இடத்தில் எவனும் கை வைக்க மாட்டான் என்பது என் கணக்கு. கூடுகளை ஒரு துணிப் பையில் போட்டு, பையை ஒரு பானைக்குள் இறக்கி, பானை வாயைத் துணியால் கட்டிப் பரணில் ஏற்றினேன். கீழே நாலு மாடு. ஆனியிலேயே சாரல் பிடித்துக்கொண்டது. மாடு நனையக் கூடாது என்று தொழுவத்தைச் சுற்றிச் சாக்குப் படுதா கட்டினோம். உள்ளே போனால் மூத்திர நெடி கண்ணைக் கரிக்கும். அதெல்லாம் தொழுவம் என்றால் இருப்பதுதானே என்று நினைத்தேன். ஆடியில் ஒரு பகலில் எல்லாவற்றையும் இறக்கி, மருந்து அடைத்து, திரும்ப அதே பானையில் போட்டு ஏற்றினேன்.

அந்த வருடத்துக் கடலை மாதிரி கடலை நான் பார்த்ததில்லை. ஒரு செடியைப் பிடுங்கினால் கை நிறையக் காய். புரட்டாசியில் காய் முற்றத் தொடங்கியதும் பன்றிகள் வந்துவிட்டன.

முதல் நாள் கிழக்கு வெளுக்கிற நேரம். கல் வரப்புக்குப் பின்னால் குத்தவைத்திருந்தேன். ஏழெட்டுப் பன்றிகள், குட்டிகளோடு, சாவகாசமாக வந்தன. பெரியதைக் குறிபார்த்து இழுத்தேன். வெடிச் சத்தத்தோடு கூடவே புஸ்ஸென்று ஒரு சீறல். புகை என் முகத்தில் அடித்தது. குண்டு எங்கே போயிற்றோ தெரியவில்லை. லீவரை இழுத்தால் கூடு வெளியே வரவில்லை. கத்தி நுனியால் நெம்புகிறேன், நெம்புகிறேன், அது அசையவில்லை. சத்தத்துக்கு ஓடின பன்றிகள் காட்டின் அடுத்த மூலையில் நின்றுவிட்டன. அடுத்த வெடி வராது என்று தெரிந்துகொண்டவை மாதிரி மறுபடி மூக்கைத் தரையில் வைத்துக் கிண்டத் தொடங்கின. நான் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு கல்லெடுத்து எறிந்தேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கூட்டை ஒருவழியாக எடுத்தால் கழுத்து நீளவாக்கில் பிளந்திருந்தது. மறுநாள் இரண்டு சுட்டேன். இரண்டும் அப்படியே. அதற்கடுத்த நாள் ஒன்று. நகம் வைத்து, கம்பி விட்டு, கல்லில் தட்டி எடுத்த கூடு! மிச்சத்தையெல்லாம் வரிசையாக வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பச்சை பூத்து மங்கிக் கிடந்ததில் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் சுடாதவற்றில் சிலதைப் பிரித்து மருந்தைக் கொட்டிவிட்டு, "இதை வெளக்கிக் குடு" என்று மனைவியிடம் கொடுத்தேன். பித்தளை என்றால் புளி போட்டு விளக்குவது என்பது தவிர எங்களுக்கு வேறென்ன தெரியும்?

அவள் விளக்கிக்கொண்டு வந்து வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, இங்கன பாருங்க. வாயில மயிரு கணக்கா கோடு ஓடுது. வெடிக்காததுலயும் ஓடுதே."

வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கோடு. சிலதில் மூன்று, நாலு.

"ஏமாத்திட்டாரு ராவுத்தரு" என்றேன். "பழைய கூட்டுக்கு மெருகு போட்டு என் தலையில கட்டிட்டாரு."

"நீங்கதான நாள் பூரா உக்காந்து நகத்தை வச்சுப் பாத்தீக? அப்ப இல்லாத கோடு இப்ப எங்கேயிருந்து வந்துச்சு?"

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அவள் கேட்டுவிட்டாள். நான் அதற்குப் பதில் தேடவில்லை. "உனக்கு என்னடி தெரியும்" என்று அவள் மேல் பாய்ந்தேன். பிளந்த கூடுகளையும் விளக்கிய கூடுகளையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு கம்பத்துக்குக் கிளம்பினேன்.

அன்றைக்குச் சந்தை. கடை வாசலிலேயே விரிப்பு விரித்துக் குடமும் செம்புமாகப் பரப்பி வைத்திருந்தார். நான் போன வேகத்தில் பையை விரிப்பில் வீசினேன். குடத்தில் பட்டுக் கணகணவென்று சத்தம் எழுந்தது. சந்தையில் சத்தம் கேட்டால் சொல்ல வேண்டுமா, கூட்டம் சேர்ந்துவிட்டது. ஊர்க்காரர்கள், அனுமந்தன்பட்டிச் சொந்தக்காரர்கள், எல்லோரும் நின்றார்கள்.

"அப்பா காலத்துப் பழக்கம்னு நம்பி வந்தேன். கீறல் விழுந்த பித்தளைக்கு மெருகு போட்டுக் குடுத்துட்டீகளே மாமா! என் காடு போகப் போகுது. ஒரு விவசாயி குடியைக் கெடுத்துட்டு நீங்க நல்லா இருங்க!"

அவர் கோபப்படவில்லை. ஒரு கூட்டை எடுத்து வாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் பையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"மாப்ள, எங்கன வச்சிருந்தே?"

"அதான் அன்னைக்கே சொன்னேனே. சாமி அலமாரில."

"கோவப்படாமக் கேளு. மாட்டு மூத்திர ஆவி பட்டா பித்தளை வாயி வெடிக்கும். மழைக் காலத்துல வெரசா வெடிக்கும். தொழுவத்துல வச்ச செம்பு எத்தனை இப்பிடி எங்கிட்ட வந்துருக்கு தெரியுமா? இந்தப் பையில அந்த வாடைதான் வருது."

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. பரண், படுதா, கண்ணைக் கரித்த நெடி. துரையின் கூடுகளும் அதே பானையில்தான் ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்தன. ஆனால் சுற்றி முப்பது பேர் நிற்கிறார்கள். அவர் குடியைக் கெடுத்தார் என்று கத்திய வாய் இன்னும் மூடவில்லை.

"தப்பிக்கிறதுக்கு நல்லாத்தான் கதை சொல்றீக" என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். அந்தக் காகிதச் சுருளைக் கொண்டுவந்து பிரித்தார். ஆறு கூடுகள். ஒன்றை எடுத்து எடைக்கல்லில் தட்டினார். கணீரென்றது. அடுத்ததைத் தட்டினார். ஆறும் கணீரென்றன. கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்டது.

"அதே குவியல். நீ பொறுக்கினது. எங்கன வச்சிருந்தேன்னு நெசத்தை மட்டும் சொல்லு, இந்த ஆறையும் எடுத்துட்டுப் போ. உன் காட்டுக்கு இது போதும்."

போதும் என்பது எனக்கும் தெரியும். கேப்பும் மருந்தும் வீட்டில் இருந்தன. ஆறு நல்ல வெடி போட்டால் அந்தப் பன்றிக் கூட்டம் மலை ஏறிவிடும். கடலை பிடுங்க இன்னும் இருபது நாள்தான். 'தொழுவத்தில்' என்று ஒரு வார்த்தை. அத்தனை பேர் முன்னால் அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. "உங்க பித்தளையே எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தேன். எனக்காகப் பரிந்து பேசியபடி இரண்டு பேர் கூடவே வந்தார்கள். அவர்களை அறையலாம் போல இருந்தது.

அதற்கப்புறம் தகரம் தட்டினேன். நெருப்பு மூட்டினேன். மனைவியும் நானும் மாறி மாறிக் காட்டில் கிடந்தோம். வீட்டில் மருந்தோடு மிச்சமிருந்த கூடுகளையும் சுட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட உருப்படியாக வெடிக்கவில்லை. ஒரு மூலையில் விரட்டினால் அடுத்த மூலையில் வந்தன. பத்தே நாளில் காடு உழுது போட்ட மாதிரி ஆயிற்று. அவள் ஒரு நாள் பானையை இறக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

ஐப்பசியில் அண்ணன் வந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்; பாதிக் காட்டை மட்டும் வாங்க ஆள் இல்லாததால் என் பங்கும் சேர்ந்தே போயிற்று. உத்தமபாளையத்தில் பத்திரம் எழுதும்போது எழுதுகிறவர், "நல்ல காடாச்சே, ஏன் விக்கிறீக?" என்று கேட்டார். அண்ணன் என்னைத் திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"தம்பி மேல தப்பு இல்லங்க" என்றார் அண்ணன். "உசுரைக் குடுத்துத்தான் பாத்தான். கம்பத்துல பித்தளைக்காரரு ஒருத்தரு ஏமாத்திட்டாக."

எழுதுகிறவர் உச்சுக் கொட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் ராவுத்தர் கடைக்குப் போனேன். சந்தை இல்லாத நாளாகப் பார்த்துத்தான் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் யாரும் இல்லை. அவர் ஒரு செம்பின் ஒடுக்கை நிமிர்த்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சுத்தியலைக் கீழே வைத்தார்.

"எங்கன வச்சிருந்தே?" என்றார்.

"தொழுவத்துல" என்றேன்.

எழுந்து அலமாரியிலிருந்து காகிதச் சுருளை எடுத்து என் கையில் வைத்தார். "அப்பவே உன்னோடதுதான்" என்றார். காடு என்னவாயிற்று என்று அவர் கேட்கவில்லை. கம்பத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அண்ணன் அவரைப் பற்றிச் சொல்லிவந்ததும் அவர் காதுக்கு வராமல் இருந்திருக்காது. அதையும் கேட்கவில்லை. மறுபடி உட்கார்ந்து சுத்தியலை எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்து, பஸ் நிற்கிற இடத்தில், சுருளைப் பிரித்தேன். ஆறும் அன்றைக்கு நான் பொறுக்கியபடியே இருந்தன. கழுத்தைச் சுற்றி நகத்தை ஓட்டிப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை. இருபது வருடமானாலும் தாங்கக்கூடிய பித்தளை. அதை வைத்துக்கொண்டு காவல் காக்க என்னிடம் காடுதான் இல்லை.